நாலு சொடக்கு அதிகம்

உச்சிமாகாளி பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தது ஒரு கம்பளி, ஒரு வித்தை. யுத்தம் முடிந்து 1946-இல் ஊர் திரும்பியபோது கம்பளியை எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். வித்தையை எவன் கேட்டான்?

துப்பாக்கிமேல் பூட்டுகிற தூரக்கண்ணாடியைக் குறிக்குச் சரிசெய்வதுதான் அந்த வித்தை. கண்ணாடியின் திருகு ‘சொடக் சொடக்’ என்று படிப்படியாக நகரும்; அதை ஒரு சொடக்குத் திருப்பினால் நூறு கஜத்தில் குண்டு ஓரங்குலம் நகரும். முந்நூறு கஜத்தில் அதே சொடக்குக்கு மூன்றங்குலம். ஒரே ஆணியில் கட்டிய இரண்டு நூலை விரித்துக்கொண்டே நடந்தால் இடைவெளி அகலுமே, அந்தக் கணக்கு. திருகு மாற்றுவது கோணத்தை. அங்குலம் தூரத்துக்குத் தூரம் மாறும்.

தென்காசிப் பண்ணையார் குத்தாலிங்கம், ஊரைக் காலிசெய்த ஒரு துரையிடம் அப்படியொரு துப்பாக்கி வாங்கியிருந்தார். குற்றால மலையடியில் அவருக்கு எலுமிச்சைத் தோப்பு. அதற்குக் காவலாள் வேண்டியிருந்தது. எட்டு மாதமாக அண்ணன் சங்கிலிப்பாண்டி வீட்டுச் சோற்றைத் தின்று கூசிப்போயிருந்த உச்சிமாகாளிக்கு அந்த வேலைமேல் உயிர்.

பன்றி வேட்டைக்கு முந்தினநாள் அவனையும் கூட்டிப்போய், முந்நூறு கஜத்தில் பலகை நட்டுச் சுட்டுப் பார்த்தார்கள். குண்டு ஆறங்குலம் இடப்பக்கம் பட்டது. இரண்டு சொடக்குப் போதும். பண்ணையாரோ அங்குலத்துக்கு ஒன்றென்று தன் கையாலேயே ஆறு சொடக்குத் திருகிவிட்டார். தோட்டா வீண் என்று மறுபடி சுட்டும் பார்க்கவில்லை. உச்சிமாகாளி நூல் கணக்கைச் சொல்ல வாயெடுத்தான்.

"பட்டாளத்துக்குப் போயிட்டு வந்தா எனக்கே பாடம் எடுப்பியோ?"

அவ்வளவுதான், வாய் ஒட்டிக்கொண்டது. மிஞ்சிப்போனால் பன்றிதானே தப்பும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான், பாவி.

மறுநாள் தகரம் தட்டிப் பன்றியை விரட்டியவர்களில் சங்கிலிப்பாண்டியும் ஒருவன். அதே முந்நூறு கஜத்தில் பண்ணையார் சுட்ட குண்டு பன்றிக்கு ஓரடி வலப்பக்கமாகப் போய், பின்னால் வரப்பில் நின்ற அவன் முழங்காலைப் பிளந்தது. காலை எடுத்துவிட்டார்கள்.

விசாரணையில், கண்ணாடியைத் திருகியது பட்டாளத்துக்காரன்தான் என்றார் பண்ணையார். உச்சிமாகாளி ஆமென்று தலையாட்டினான். கைத்தவறு என்று எழுதி முடித்தார்கள். அடுத்த வாரமே தோப்புச் சாவி அவன் இடுப்பில் ஏறியது. தூ, என்ன பிழைப்பு!

மூன்று மாதம் கழித்துச் சங்கிலிப்பாண்டி கம்பை ஊன்றிக்கொண்டு தோப்பு வாசலுக்கு வந்தான். சண்டைக்கு வரவில்லை.

"நீ திருகியிருந்தா தப்பாதுலே. அவரு திருகினத நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"தகரம் தட்ட நான் போறது தெரியும்லா?"

"தெரியும்ணே."

சங்கிலிப்பாண்டியின் கண் தம்பி இடுப்பில் தொங்கிய சாவிக்குப் போனது.

"வேலைய விட்டுராதலே. அதுக்குக் காலு குடுத்தவன் நான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.