பிளேஸ்மென்ட் பக்கத்தில் குமரேசன்

மகளைச் சேர்க்க நினைத்திருந்த பல்கலைக்கழகத்தின் இணையதளத்தை இன்று காலை ஷிப்ட் பஸ்ஸில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கள் மூலம் வேலை பெற்றவர்கள்" என்ற பக்கத்தில், என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் குமரேசன் பட்டமளிப்பு அங்கியில் சிரிக்கிறார். கீழே எங்கள் சுரங்கத்தின் பெயர்.

"தம்பி, உனக்கு இவங்களா வேலை வாங்கிக் குடுத்தாங்க?"

போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இல்லண்ணா. எங்க நெலத்த மைன்ஸுக்கு எடுத்துக்கினாங்க இல்ல, அதுக்குக் கெடச்ச கான்ட்ராக்ட் வேல. இவங்க எங்கிட்ட ஒரு வார்த்த கூட கேக்கல."

இறங்கியதும் அட்மிஷன் நம்பருக்குப் போன் போட்டு, குமரேசன் படத்தை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"எங்க ஸ்டூடன்ட்தானே சார், வேலையிலதானே இருக்காரு" என்றார் போனை எடுத்த பெண், கொஞ்சமும் அசராமல். பெர்மனன்ட் ஆனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். நேரில் வரச் சொன்னார்.

அப்படிப் பார்த்தால் அங்கே பிளேஸ்மென்ட் ஆபீசர், நிலத்தைக் கொடுத்த குமரேசனின் அப்பாதான். அவர் படத்தை ஏன் போடவில்லை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.