கதவிடுக்கில் இரண்டு விரல்

செண்பகம் அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர், அவருடைய காரை வாங்க வந்தவர். கார் விற்பனை விளம்பரத்தில் என் எண்ணும் இருந்தது. காலை ஏழு மணிக்கு அக்கா வீட்டு வாசலில் நின்று போனில் பேசினார். "அந்த அம்மா நெஞ்சடைப்புல தவறிட்டாங்களாம். வண்டி இனி யார் பொறுப்பு?" அவர் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருப்பவர்.

தென்காசியில் பத்திரம் எழுதும் கடையில் ஆறு வருடம் அக்காவும் நானும் அடுத்தடுத்த மேசையில் இருந்தோம். அவரிடம் எழுதிக்கொண்டவர்களுக்குத் தெரியும், விற்கிறவர் மறைப்பதைத்தான் முதலில் கேட்பார். வீடு விற்க வந்த ஒருவர், பக்கத்துச் சுவர்த் தகராறை எழுத வேண்டாமே என்று குழைந்தார். "வாங்குதவன் அங்கன போய்க் குடியிருக்கணும்லா அண்ணாச்சி" என்றார் அக்கா. வந்தவர் எழுந்து போய்விட்டார். அக்கா டீ சொன்னார்.

அந்தக் கார் குற்றாலத்து விடுதி முதலாளி ஒருவருடையது. சிவப்பு நிறம், பழைய சின்ன ஹேட்ச்பேக். விருந்தாளிகள் சாரலில் நனைந்தபடி போவதற்காக அதன் கூரையை வெட்டி கான்வாஸ் மூடி போட்டிருந்தார். அவர் கைவிட்டதும் அக்கா வாங்கினார். போன ஆனியில் மூடியை மடித்துவிட்டு இருவரும் ஐந்தருவி வரை போனோம். அவ்வளவு சத்தமாக நான் சிரித்ததில்லை.

திரும்பும்போது மேலகரம் வேகத்தடையில், சாத்தியிருந்த என் பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது. அக்காவின் இடது கை என் தோளைத் துப்பட்டாவோடு பிடித்து இழுத்தது. பின்னால் வந்த பஸ் ஒதுங்கிப் போனது. வீடு வரைக்கும் கதவைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தேன்.

கூரையை வெட்டியபோது அடியில் பலப்படுத்தவில்லை, தரை நடுவில் தொய்கிறது, கதவு இனி நிற்காது என்றார் டிங்கரிங் கடைக்காரர். அதன்பின் அக்கா காரை எடுக்கவில்லை. ஆனால் தினமும் கொட்டகைக்குப் போய்க் கதவிடுக்கில் விரலை வைத்துப் பார்ப்பார். முதலில் விரல் நுனி போனது. மார்கழியில் முழு விரல். பங்குனியில் இரண்டு. "ஏட்டி, நீயும் வச்சுப் பாரு. ஓடாமலே இறங்குது" என்றார். துரு என் விரலில் ஒட்டியது.

விளம்பரத்தை அக்காவே எழுதினார். புதுப்பிக்க விரும்புவோருக்கு மட்டும் என்று தொடங்கி பதினொரு குறைகள். கடைசி வரி: ஓட்டிச் செல்லக் கூடாது, லாரியில் ஏற்றிச் செல்லவும். புளியங்குடிக்காரர் முதல்முறை வந்தபோது, ஆனி பிறந்ததும் இரண்டு மகள்களையும் அருவிக்கு அழைத்துப் போகவேண்டும், பைய ஓட்டுவேன் என்றார்.

"பைய ஓட்டினாலும் பிள்ளைக கதவோரந்தானே உக்காரும்" என்றார் அக்கா.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்காவின் தம்பி கடைக்கு வந்து, விளம்பரத்தில் அந்தப் பதினொன்றையும் எடுக்கச் சொன்னார். மறுத்தேன். அக்காவின் மேசையில் இருந்த கார் சாவியைக் கேட்டார். அதையும் தரவில்லை. "சாவி இல்லாம வண்டி கெளப்ப ஊருல ஆளா இல்ல?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

புளியங்குடிக்காரருக்கு நானே போன் செய்து பதினொன்றையும் வாசித்தேன். பொறுமையாகக் கேட்டார். "கதவக் கயித்தால கட்டிக்கிடுதேன்மா" என்றார்.

நேற்று கொட்டகை காலி. கார் நின்ற இடத்தில் துருத்தூள் நான்கு கோடாகக் கிடந்தது. புளியங்குடிக்காரருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. ஆனி பிறக்க இன்னும் ஒன்பது நாள்.

அக்காவுடையதாக என்னிடம் இருப்பவை அந்தச் சாவியும், அவர் கையெழுத்தில் பதினொரு வரிகளும், எந்தக் காரைக் கண்டாலும் கதவிடுக்குக்குப் போகும் என் விரலும்தான். இதை வாசிக்கும், அவரை அறிந்த நீங்கள் குற்றாலம் சாலையில் போகிறவர்கள். கூரையில்லாத சிவப்புக் கார் வந்தால் மறித்து நிறுத்துங்கள். முதலில் பிள்ளைகளை இறக்குங்கள். அக்கா யாரென்று அவர்களிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.