ஆடி மாதத்து வயர்லெஸ்

1959 ஆகஸ்டு 2, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தே கால் மணி. மழை இல்லை; மேற்கிலிருந்து ஆடிக்காற்று புழுதியோடு வீசிக்கொண்டிருந்தது. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், செங்கல்லைவிடச் சற்றுப் பெரிய வயர்லெஸ் பெட்டி ஒன்றைக் காதில் வைத்தபடி என் அக்கா நின்றாள். அவள் பேச்சைக் காற்று அடித்துக்கொண்டு போகாதிருக்க, ஒரு முறத்தை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். எனக்கு ஒன்பது வயது.

அக்காவுக்கு வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆடி பிறந்ததும் வழக்கப்படி அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். அந்த மாதம் முடியும்வரை புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ளக் கூடாது. அந்த நேரம் பார்த்து அத்தானுக்கு வடக்கே எங்கோ ஓர் அணைக்கட்டில் வேலை கிடைத்தது. செவ்வாய்க்கிழமை ரயில் ஏற வேண்டும். ஆவணி பிறக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வேடசந்தூர்ப் பக்கத்துச் சம்பந்தி வீட்டார் வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அக்கா தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போவாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பட்டாளத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்து திரும்பியவர். ராணுவ ஏலத்தில் இரண்டு பழைய பெட்டிகளை வாங்கி வந்திருந்தார். ஒழுங்காக லைசென்ஸ் வாங்கத்தான் முதலில் தபாலாபீசுக்குப் போனார். அங்கே கொடுப்பது ரேடியோ கேட்கும் லைசென்ஸ் மட்டும்தான், காற்றில் பேசுவதென்றால் டெல்லிக்கு எழுத வேண்டும் என்றார்கள். எழுதினார். டெல்லி வாயைத் திறக்கவில்லை.

“கேக்குறதுக்கே காசு கட்டச் சொல்றான் மாப்ள, பேசுறதுக்கு விட்டுருவானா? என் உத்தியோகத்துக்கு உலை வச்சுராத,” என்றார் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான அப்பா.

“பாக்கக் கூடாதுன்னுதானே சம்பந்தி சொன்னாக? பேசக் கூடாதுன்னு சொல்லலையே மச்சான். செத்த நேரம்தான்,” என்றார் மாமா.

அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டுவிட்டார். அன்று சந்தை நாளல்ல.

பெட்டியின் பேச்சு வெட்டவெளியில் ஒரு மைல்தான் எட்டும். வேடசந்தூர் எங்கே, நாங்கள் எங்கே. ஆகவே மாமா, அத்தானைச் சைக்கிளில் வரவழைத்து இன்னொரு பெட்டியோடு மலைக்கோட்டை மேல் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் மாடியிலிருந்து அந்தப் பாறை முழுதாகத் தெரியும். உச்சி மதிலில் இரண்டு புள்ளிகள் நின்றன. இதில் வெள்ளைச் சட்டை எது என்று அக்கா என்னிடம் இரண்டு தடவை கேட்டாள்.

பெட்டி இரைந்தது. மாமாவின் குரல் வந்தது. “பட்டாளத்து முறைப்படி பேசணும். மொதல்ல கூப்பிடுற ஆளு பேரைச் சொல்லணும், ஓவர்னு முடிக்கணும். பேரு வந்தாத்தான் மாப்ள பேசுவாரு. பொத்தானை அமுக்கினா பேசலாம், விட்டாத்தான் கேக்கும். பேட்டரி பழசு. சட்டுன்னு ஆகட்டும். ஓவர்.”

அக்கா பொத்தானை அமுக்கினாள். வாயைத் திறந்தாள். மூடினாள்.

“பேசுக்கா,” என்றேன். அவள் பெட்டியின் வாயை முந்தானையால் இறுகப் பொத்திக்கொண்டாள்.

“அவுக பேரை நான் எப்படிடா சொல்றது?”

“அப்ப நான் சொல்றேன்.”

“ஏலே, சொன்னே, பல்லைத் தட்டிருவேன்.”

கட்டியவன் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கிடையாது. ரேஷன் கடையில்கூட அம்மா என்னைத்தான் அப்பா பெயரைச் சொல்ல வைப்பாள். அது மாமாவுக்குத் தெரியாததில்லை. பட்டாளத்தில் பெண்கள் இல்லாததால் மறந்துபோயிருக்க வேண்டும்.

அக்கா முந்தானையை விலக்கினாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பொத்தான் மேலிருந்த விரலை மட்டும் அவள் எடுக்கவே இல்லை. எடுத்தால் பேசும் முறை போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ. அவள் எடுக்காதவரை மேலிருந்து எந்தக் குரலும் எங்களுக்கு வர வழியில்லை. கடைசியில் விரல் வலித்து அவள் பொத்தானை விட்டபோது பெட்டியில் இரைச்சல்கூட இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டிருந்தது.

மதிலில் ஒரு புள்ளி துண்டை எடுத்து வீசியது. பிறகு இரண்டும் இறங்கி மறைந்தன.

இருட்டும் நேரத்தில் மாமா வந்து கத்தினார். “வளையல் சத்தம் கேட்டுச்சு, இவன் பேசுக்காங்கறது கேட்டுச்சு. இம்புட்டுத்தான். அந்த மனுசன் பெட்டியைக் காதை விட்டு எடுக்கவே இல்லத்தா.”

அக்கா பெட்டியோடு மாடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அவள் பொத்தானை அமுக்கி, வாயருகே வைத்து, அத்தானின் பெயரைச் சொன்னாள். தெளிவாக, இனிஷியலோடு சேர்த்து. பிறகு இன்னொரு முறை, இனிஷியல் இல்லாமல்.

“அக்கா, பெட்டி செத்துப்போச்சு. கேக்காது.”

“தெரியும்டா.”

அவள் ஒத்திகை பார்க்கிறாள் என்று நினைத்தேன். பெயர் வந்துவிட்டது, இனி பேட்டரி ஒன்றுதான் பாக்கி என்று எனக்குச் சந்தோஷம்கூட. செவ்வாய்க்கிழமைக்குள் மதுரையில் புது பேட்டரி வாங்கிவிடலாம் என்று அன்றே உண்டியலை உடைத்து மாமாவிடம் கொடுத்தேன். அந்த மாதிரி பேட்டரி மதுரையில் எந்தக் கடையிலும் இல்லை. அத்தான் ஊருக்கு வர இரண்டு வருஷம் ஆயிற்று. மாமா அந்தக் காசைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை: நான்கு ரூபாய் அறுபத்திரண்டு நயா பைசா.