அன்று நான் வைத்துவிட்ட பொட்டு

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம், கள்ளக்குறிச்சியில் எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளிக்கு நான்தான் ஆசிரியை. வயது இருபத்திரண்டு, வாய்க்கு மட்டும் அறுபது. வசனம் ஒப்பித்தால் போதாது, பிள்ளைகளுக்குச் சொந்தமாக விசுவாசம் வரவேண்டும், அது உன் பொறுப்பு என்று போதகர் ஐயா சொல்லியிருந்தார். நானும் சும்மா இருக்கவில்லை. யார் கேட்டாலும் ஆண்டவரை மறுதலிக்கக் கூடாது என்று மூன்று வாரம் விரலை ஆட்டி ஆட்டிப் பாடம் நடத்தினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னசேலத்தில் வசனப் போட்டி. நான்கு பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். மத்தியானம் திரும்பும்போது பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், இனி வண்டி போகாது என்று சொல்லி டிரைவர் எல்லோரையும் இறக்கிவிட்டார். நடக்க ஆரம்பித்தோம். தூரத்தில் டயர் எரிகிற புகை. 

அந்தப் பக்கத்தில் கிறிஸ்தவர் என்றால் காலனி ஆட்கள் என்றுதான் கணக்கு. போராட்டக்காரர்கள் காலனி வீடுகளைக் கொளுத்துகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் சபையில் பொட்டு வைப்பதில்லை. வெறும் நெற்றியோடு நான்கு பிள்ளைகள், கையில் பைபிள் வேறு.

வழியில் ஒரு வேப்பமரத்தடியில் அம்மன் கல் இருந்தது. கல் முழுக்கக் குங்குமம். பைபிள்களை வாங்கி என் பைக்குள் திணித்தேன். குங்குமத்தைத் தொட்டு ஒவ்வொரு நெற்றியிலும் வைத்தேன், என் நெற்றியிலும். யாராவது கேட்டால் கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறோம் என்று சொல்லச் சொன்னேன். மூன்று பேர் தலையாட்டினார்கள். கல்வராயன் மலையிலிருந்து வந்து அத்தை வீட்டில் தங்கிப் படித்த ஒன்பது வயதுப் பெண் மட்டும் என்னையே பார்த்தாள். பேசாமல் வா என்று அதட்டினேன்.

மரம் ரோட்டை மறித்துக் கிடந்தது. பத்துப் பதினைந்து பேர், கையில் அரிவாளும் கோடாரியும். ஒருவர் எழுந்து வந்தார். அவர் அந்தப் பெண்ணிடம் குனிந்தார்.

"இன்னா பாப்பா, எங்க போய்ட்டு வர்றீங்க?"

"சர்ச்சு போட்டிக்குப் போய்ட்டு வர்றோங்க," என்றாள். "பொட்டு, அக்கா பயந்துக்கினு வச்சிவுட்டாங்க."

செத்தோம் என்று நினைத்தேன். மற்ற மூன்று பேரும் என் புடவையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஆள் என் நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோடாரியைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் விட்டார். என் பக்கம் அவர் திரும்பவில்லை. நானே கிளைகளுக்குள் புகுந்து, புடவையைக் கிழித்துக்கொண்டு, ஏறி இறங்கினேன்.

உயிர்பயம் அதோடு போயிற்று. அதைவிடப் பெரிய பயம் அப்புறம்தான் வந்தது. அந்தப் பெண் புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். இனி நான் சொல்லும் எதையும் இவள் நம்பமாட்டாளோ, ஒரு பிள்ளையின் விசுவாசத்தை நானே கெடுத்துவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன். கொஞ்ச தூரம் போனதும் அவள் நின்றாள்.

"அக்கா, நீங்க கிளாஸ்ல சொல்றதெல்லாம் நெஜந்தானே?"

"நெஜந்தான். நான்தான் பயந்துட்டேன்."



"எனக்குந்தான் பயமா இருந்திச்சி," என்றாள்.