பக்கத்து நாட்டு வங்கியும் என் வாயும்

ஒரு பெண் அதிகாரி என்னை நம்பிச் சொன்ன விஷயத்தை மறுநாளே வகுப்பில் போட்டு உடைத்தேன். அதைவிட வெட்கக்கேடு, அன்று நான் நடத்திக்கொண்டிருந்த பாடமே மேற்பார்வை அதிகாரிகள் ரகசியம் காப்பது பற்றியதுதான். வாய் தவறிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நன்றாக யோசித்து, பலகையில் படம் வரைந்து சொன்னேன்.

வேலைக்காலம் முழுவதும் வங்கிகளைச் சோதனை செய்யும் அதிகாரியாக இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு மட்டாஞ்சேரியில் அப்பா கட்டிய வீட்டுக்கே திரும்பி வந்தேன். கலூர் பக்கம் ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. வெளிநாட்டு மத்திய வங்கிகளின் அதிகாரிகளுக்கு அங்கே வகுப்பு நடக்கும். ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலிருந்து ஒரு குழு வந்தபோது என்னையும் பாடம் எடுக்கக் கூப்பிட்டார்கள். சும்மா இருந்து அலுத்துப்போயிருந்தேன். உடனே ஒத்துக்கொண்டேன்.

அவர்கள் கற்றுக்கொள்ள வந்தது இதுதான். அங்கே வங்கிகள் இப்போது எல்லையோடு நிற்பதில்லை. ஒரு நாட்டில் தலைமையகம் இருக்கும். சுற்றியுள்ள நாடுகளில் எல்லாம் அதற்குத் துணை வங்கிகள் இருக்கும். ஆனால் ஒவ்வொரு மத்திய வங்கிக்கும் தன் வேலிக்குள் நடப்பது மட்டுமே தெரியும். இங்கே உள்ள நோயை அங்கே மறைத்துவிடலாம். ஆகவே பக்கத்துப் பக்கத்து நாட்டு மேற்பார்வையாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து, தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லி, சேர்ந்து சோதனை செய்ய வேண்டும். அறைக்குள் சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த நம்பிக்கையைப் பற்றிப் பேசத்தான் எனக்குச் சம்பளம்.

கலகலப்பான குழு. வந்த வாரமே படகில் மட்டாஞ்சேரிக்கு வரப் பழகிக்கொண்டார்கள். படகுத்துறை அருகே சாயாக்கடைச் சேட்டன் அவர்களுக்குப் பழம்பொரி கொடுத்துக் காசு வாங்க மறுத்தார். உடனே அங்கேயே விவாதம் தொடங்கிவிட்டது: சோதனை அதிகாரி இலவசப் பலகாரம் தின்னலாமா? கடைக்காரர் வங்கி நடத்தவில்லை, அதனால் தின்னலாம் என்று முடிவாயிற்று. அதற்குள் பழம்பொரி தீர்ந்துபோயிருந்தது.

அந்தப் பெண் அதிகாரி கடலே இல்லாத ஒரு சிறிய நாட்டுக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் வைத்ததும் சிரித்துவிட்டார். இது எங்கள் ஊர்ச் சாப்பாடு, நீங்கள் திருடிக்கொண்டு வந்துவிட்டீர்கள் என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"நாங்க ஒண்ணும் மோஷ்டிக்கல. எங்க பறம்புல முளைக்குது, நாங்க திங்குறோம். இன்னும் கொஞ்சம் போட்டுக்க குட்டி," என்றாள் என் மனைவி. அவளுக்கு ஆங்கிலம் வராது. அதற்குப் பிறகு என் மொழிபெயர்ப்பு அவர்கள் இருவருக்கும் தேவைப்படவில்லை.

சாப்பிட்டு முடித்த பிறகு, மாடி அறையில், அவர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். பக்கத்தில் துறைமுகம் உள்ள ஒரு பெரிய நாடு. அங்கே தலைமையகம் கொண்ட வங்கி, இவர் நாட்டில் துணை வங்கி வைத்திருக்கிறது. கணக்கு முடிக்கும் நாள் நெருங்கும்போது தாய் வங்கியிலிருந்து பெரிய தொகை வரும். துணை வங்கி ஆரோக்கியமாகத் தெரியும். மத்திய வங்கிக்கு அறிக்கை போன பிறகு அந்தப் பணம் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடும். இரண்டு முறை கவனித்திருந்தார். பெரிய நாட்டின் மத்திய வங்கிக்கு இன்னும் சொல்லவில்லை. ஆதாரம் பலப்படாமல் சொன்னால் தாய் வங்கி உஷாராகிவிடும். செய்தி கசிந்தால் அவர் ஊர் மக்கள் வங்கி வாசலில் வரிசை கட்டுவார்கள். எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது என்று அனுபவப்பட்டவனிடம் கேட்கத்தான் வந்திருந்தார். இரு நாடுகளும் சேர்ந்து அமைக்கப்போகும் கூட்டுச் சோதனைக் குழுவுக்கு அவர் பெயரை அனுப்புவதாக இருந்தது. இந்த நேரத்தில் ஒரு பிசகு கூடாது என்றார்.

பொறுமையாக இருங்கள், இது நம் இருவரோடு இருக்கட்டும் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் வகுப்பு. துறைமுக நாட்டிலிருந்து வந்திருந்தவர் உயரமானவர், கேலிக்காரர், கெட்டிக்காரர். நான் பழைய கூட்டுறவு வங்கி ஒன்றின் கதையை ஆரம்பித்ததும் கையைத் தூக்கினார்.

"சார், உங்கள் உதாரணத்தில் வரும் வங்கிகள் எல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே செத்துவிட்டன. உயிரோடு ஒன்றாவது உண்டா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்று தைத்தது. கிழவன் என்று நினைக்கிறார்களா என்று தோன்றியது. பலகைக்குத் திரும்பி இரண்டு வட்டங்கள் வரைந்தேன். கடல் இல்லாத ஒரு நாடு, துறைமுகம் உள்ள ஒரு நாடு என்று வைத்துக்கொள்வோம் என்று தொடங்கி, பணம் போவதற்கும் வருவதற்கும் அம்புக்குறி போட்டு, முழுவதையும் சொல்லி முடித்தேன். பெயர் மட்டும்தான் சொல்லவில்லை. அந்த இரண்டு நாடுகளுக்கும் பொதுவாக இருந்ததே அந்த ஒரு வங்கிதான்.

கேலிக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அந்தப் பெண் அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாலையே துறைமுக நாட்டுக்காரர் தன் அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டார். அது அவருடைய கடமை. குறை சொல்ல மாட்டேன். அந்த அலுவலகம் சிறிய நாட்டின் மத்திய வங்கியைக் கேட்டது: எங்களுக்குச் சொல்லாமல் இந்தியாவில் ஒரு வகுப்பறைக்கா சொன்னீர்கள்? மறுநாள் காலை அந்தப் பெண் அதிகாரிக்கு அவருடைய மத்திய வங்கியின் துணை ஆளுநரிடமிருந்து உத்தரவு வந்தது: பயிற்சியை விட்டுவிட்டு ஊர் திரும்பு.

வகுப்புக்குக் கிளம்பும் முன் வீட்டில் சொன்னேன். மனைவி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தக் குட்டி விஸ்வசிச்சுச் சொன்ன காரியம். நம்ம வீட்டுச் சோத்த தின்னுட்டுச் சொன்னது. எந்தினா சொன்னீங்க?"

"ஆளுகள் சிரிச்சாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். வயசானா ஆளுகள் சிரிக்கும். நான் சிரிக்கலயா?"

அன்று வகுப்பு தொடங்கியதும் எழுந்து நின்றேன். நேற்று நான் சொன்ன உதாரணம் கற்பனை இல்லை, இங்கே இருக்கும் ஒருவர் நம்பிச் சொன்னது, தவறு முழுவதும் என்னுடையது என்றேன். பேசி முடித்தபோது எனக்கு நெஞ்சு லேசாயிற்று. வராந்தாவில் அந்தப் பெண் அதிகாரி காத்திருந்தார்.

"சார், நேற்று இந்தக் கதை உண்மை என்று வகுப்பில் எனக்கும் துறைமுக நாட்டுக்காரருக்கும்தான் தெரியும். இப்போது வகுப்புக்கே தெரியும். தயவுசெய்து இனி மன்னிப்புக் கேட்காதீர்கள்."

அந்த நிலையிலும் அவர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"யார் காதும் இல்லாத ஒரு அறை வேண்டும். உங்கள் காதும் இருக்கக் கூடாது."

சாயங்காலம் அவரும் துறைமுக நாட்டுக்காரரும் எங்கள் வீட்டு மாடிக்குப் போனார்கள். நான் மாடிப்படிக்குக் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"இங்க இருக்கண்டா," என்றாள் மனைவி. "நீங்க கீழ இருந்தாலும் உங்க காது படியேறிப் போவும். போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க."

போனேன். ஒன்றுக்கு மூன்றாகக் குடித்தேன். திரும்பி வந்தபோது மாடியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் அதிகாரியின் குரல்தான் அதிகம். மனைவி என்னை மறுபடியும் தெருவுக்கு அனுப்பினாள். அடுத்த முறை வந்தபோது மேலே இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி வந்ததும் துறைமுக நாட்டுக்காரர் என்னிடம், மேடம் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார், பாதிக்கு நான் தகுதியானவன்தான், மீதி உங்களுக்கு என்றார்.

என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. முடிவை மட்டும் சொன்னார்கள்: அந்த வங்கியை இரு நாடுகளும் சேர்ந்து சோதிக்க வேண்டும் என்று இருவருமே தத்தம் அலுவலகத்தை முறைப்படி கேட்கப்போகிறார்கள். என்னிடம் ஒன்றே ஒன்று வேண்டினார்கள். நான் துணை ஆளுநரிடம் பேச வேண்டும்.

மறுநாள் வீடியோவில் பேசினேன். அவர் என்னைவிட இளையவர், கண்ணாடி போட்டவர், நிதானமானவர். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கைதட்டலுக்காகச் செய்தேன் என்பதையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"நீங்கள் வகுப்பில் சொன்னது தவறு. அவர் உங்களிடம் சொன்னதும் தவறு. முதலாவதை நீங்கள் ஒப்புக்கொண்டதற்கு நன்றி. இரண்டாவதற்கு என்ன செய்வதென்று நான் பார்த்துக்கொள்கிறேன்."

திரும்ப அழைத்த உத்தரவை ரத்து செய்தார். அந்தப் பெண் அதிகாரி பயிற்சியை முடித்துவிட்டே போனார். ஆனால் கூட்டுச் சோதனைக் குழுவுக்கு வேறொருவர் பெயர் போயிற்று. பயிற்சி நிலையத்திலும் நானே போய்ச் சொன்னேன். இனி வர வேண்டாம் என்பதை அவர்கள் மிகவும் மரியாதையாக, பூச்செண்டோடு சொன்னார்கள்.

புறப்படும் நாளில் அந்தப் பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தார். மனைவி கட்டிக்கொடுத்த வறுத்த சிப்ஸ் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். என் கையைக் குலுக்கினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் ஏற்கெனவே உத்தரவாயிற்றே.

கூட்டுச் சோதனை நடந்தது. துறைமுக நாட்டுக்காரர் அனுப்பிய ஒரு புகைப்படத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மேசையில் அந்தப் பெண் அதிகாரி இல்லை. சில வருடங்கள் கழித்துத்தான் இவரையும் குழுவில் சேர்த்தார்கள். அந்தச் சில வருடங்கள் என்னால் போனவை. திருப்பிக் கொடுக்க வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவியைப் போனில் கூப்பிடுவார். இருவரும் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. வீடு நிறையச் சிரிப்பு கேட்கும். போன மாதம் மனைவி குளித்துக்கொண்டிருந்ததால் போனை நான் எடுத்தேன். தன் மகன் காலேஜ் சேர்ந்ததையும் தன் முட்டிவலியையும் பற்றிச் சொன்னார். நன்றாகப் பேசிக்கொண்டுதானிருந்தோம். பழைய புத்தி, விடுமா? அந்த வங்கி விஷயம் கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டேன்.

அவர் மெதுவாகச் சிரித்தார்.

"சார், அங்கே மழை எப்படி?"

நல்ல மழை என்றேன்.

"சந்தோஷம். மேடத்திடம் கொடுக்கிறீர்களா?"

ஈரத்தலையோடு வந்து நின்ற மனைவியிடம் போனைக் கொடுத்துவிட்டு, நான் வெளியே போனேன்.