ஆரணியை அனுப்பிய காரணம்

என் இளைய மகளை நான் சிகிச்சைக்காக அனுப்பவில்லை. ஒளித்துவைக்கவே அனுப்பினேன்!

ஆரணிக்குப் பதினொரு வயது. பிறவியிலேயே கால்கள் இறுகியவை; சக்கர நாற்காலிதான். பள்ளி விடுமுறையில் காரைநகர்க் கடற்கரையில் இத்தகைய பிள்ளைகளுக்கு முகாம் நடத்துகிறார்கள். கடலில் இறக்கிப் பயிற்சி கொடுப்பார்கள். முன்பும் அழைத்தார்கள். "பிள்ளையை விட்டிட்டு இருக்க ஏலாது" என்று மறுத்தவள் நானேதான்.

இந்தமுறை மட்டும் ஏன் இணங்கினேன்? எங்கள் புளியங்கூடலில் கோயில் கொடியேறப்போகிறது. கனடாவிலிருந்து சனம் வந்திறங்கும். மூத்தவளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டாரும் அந்தச் சனத்தோடுதான் வருகிறார்கள்... இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா உங்களுக்கு?

ஊர்காவற்றுறையில், காரைநகருக்கு ஆள் ஏற்றும் மிதவையில் அவளை நாற்காலியோடு ஏற்றினோம். முகாமிலிருந்து வந்த பெண் பிடித்துக்கொண்டாள். ஆரணி கையசைத்தாள். மிதவை கரையை விட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதி வந்தது! பெற்றவளுக்கு இப்படியும் ஒரு நிம்மதி வருமா?

வீட்டுக்கு வந்து அவள் கால்களை நிமிர்த்தக் கட்டும் பட்டிகளை அலுமாரிக்குள் பூட்டினேன். நாற்காலி ஏறுவதற்காக வாசற்படியில் போட்டிருந்த பலகையைக் கிணற்றடிக்கு இழுத்துப்போனேன்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய் கதிரையில் அமர்ந்ததும் ஆரணியைத்தான் கேட்டார்.

"சின்னவ எங்கை? அவவுக்கெண்டு சொக்லேட் கொண்டுவந்தனான்."

எல்லாம் தெரிந்தே வந்திருக்கிறார்கள்! யாருக்காக ஒளித்தேன் நான்?

"முகாமுக்குப் போயிட்டா. வைத்தியம்தானே முக்கியம்" என்றேன். என் வாயைப் பாருங்கள்!

"உங்களைப்போல தாய் கிடைக்கோணும்" என்றார் அவர். மூத்தவளின் சம்பந்தமும் பேசி முற்றாகியது.

ஆரணி கறுத்துப்போய்த் திரும்பினாள். படலையைத் திறக்கும்போதே தொடங்கிவிட்டாள்.

"அம்மா, கடலிலை ஒருத்தரும் பிடிக்கேல்லை! நான் தனிய மிதந்தனான்!"

அந்த முகத்தைக் கண்டதும் என் நெஞ்சுப் பாரம் பாதி இறங்கியது. நான் நினைத்தது எதுவானாலும் அவளுக்கு நல்லதே நடந்திருக்கிறது... அப்பாடா!

அவள் தானாகவே நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"பலகை எங்கை அம்மா?"

மறந்தே போனேன்!

"கழுவ எடுத்தனான், பிள்ளை."

நம்பிவிட்டாள்.

அடுத்த விடுமுறைக்கும் போகப்போகிறாளாம். அனுப்புவேன், அவளுக்காகவே அனுப்புவேன். அவள் தனியே மிதந்ததை நினைத்தால் இப்போதும் மனம் குளிர்கிறது. ஆனால் வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அவள் சொல்கிறாள்: "அம்மாதான் என்னைக் கடலுக்கு அனுப்பினவ."

நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்...