பின் ஜன்னலில் ஒரு சொட்டு

அப்பாவுக்குத் திருவெறும்பூரில் கொதிகலன் செய்யும் தொழிற்சாலையில் வேலை. இரும்புக் குழாய்க்குள் தண்ணீரை அழுத்தி நிரப்பி, எங்காவது ஒரு துளி கசிந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவதுதான் அவர் உத்தியோகம். அப்பேர்ப்பட்டவர் வாங்கிய பழைய கார் மழைக்கு ஒழுகினால் பெரியப்பா சும்மா விடுவாரா?

ஸ்ரீரங்கத்தில் இருந்த பெரியப்பா அந்தக் காரில் ஒரு முறை ஏறித் தொப்பலாக நனைந்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா வீட்டுல குளிக்காம வந்திருப்பேனேடா" என்றார். அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும் பஸ்ஸில்தான் வருவார். கல்யாணப் பந்திகளில் பாயசத்தோடு இந்தக் கதையும் வரும். அப்பாவும் கூடச் சிரிப்பார். வீடு வந்ததும் காரைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு ஜன்னல் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்ப்பார். அது எனக்குப் பொறுக்காது.

ஒரு நாள் தென்னூருக்குப் போய்ப் புது ரப்பர் பீடிங் வாங்கி வந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் குவார்ட்டர்ஸ் வாசலில் அதே வேலை. ஜன்னலைச் சுற்றிக் கருவாடாய்க் காய்ந்திருந்த பழைய ரப்பரை உரித்தார். பழைய டூத் பிரஷ்ஷால் ரப்பர் உட்காரும் காடி முழுக்கச் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தார். துருவைச் சுரண்டி, பசை தடவி, புது ரப்பரை விரலால் அழுத்தி அழுத்திப் பொருத்தினார். ஜன்னலுக்கு வெளியே ஓடும் வெள்ளிப் பட்டையைக்கூட விடாமல் பளபளக்கத் தேய்த்தார். எங்கள் பற்பசை முழுக்க அதற்கே போனது.

மூன்றாம் ஞாயிறு டெஸ்ட். "நீதான் இன்ஸ்பெக்டர்" என்று என்னைக் காருக்குள் உட்காரவைத்து, கையில் சாக்பீஸைக் கொடுத்துக் கதவைச் சாத்தினார். அம்மா வெளியே ஓஸ் பைப்பால் தண்ணீர் அடித்தாள். மூன்று ஜன்னல்கள் தேறிவிட்டன. இடது பின் ஜன்னலின் மேல் மூலையில் மட்டும் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. நான் சாக்பீஸைத் தூக்கிவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா முகம் தெரிந்தது. பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பையனைப் போல நின்றுகொண்டிருந்தார். விரலெல்லாம் பசை. பாவாடை நுனியால் அந்த ஈரத்தைத் துடைத்தேன்.

"ஒரு சொட்டுகூட இல்லப்பா!"

அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அன்றைக்கே பெரியப்பாவுக்கு போன் போனது. அடுத்த வாரம் எல்லாரும் முக்கொம்பு போகிறோம், மழையோ வெயிலோ காரில்தான்!

அந்த வாரம் முழுக்க நான் வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் பெரியப்பா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து, நேரே இடது பின் கதவைத் திறந்தார். "பெரியப்பா, முன்னாடி உக்காருங்களேன்" என்று கெஞ்சினேன். "எனக்கு இதான் வசதி" என்று சாய்ந்துகொண்டார். காவிரிப் பாலத்தில் தூறல். ஜீயபுரம் தாண்டுவதற்குள் கொட்டித் தீர்த்தது. நான் நடுவில் உட்கார்ந்து அந்த மூலையையே பார்த்தேன். ஒரு சொட்டு. இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை, பெரியப்பாவின் தோளில் சட்டை ஒட்டிக்கொண்டது.

அப்பா கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். "என்னண்ணே, சொட்டுதா?"

பெரியப்பா மேல்துண்டை எடுத்து அந்தத் தோளில் போட்டுக்கொண்டார். "எங்கடா சொட்டுது? காஞ்ச வெறகு மாதிரி இருக்கேன். நல்லாத்தான்டா பண்ணியிருக்க."

அப்பா முக்கொம்பு வரைக்கும் விசிலடித்துக்கொண்டே ஓட்டினார். பெரியப்பாவுக்குத் தோளில் உணர்ச்சியே கிடையாது போலிருக்கிறது என்று நினைத்து எனக்கு உயிர் வந்தது. இறங்கியதும் நாலு தும்மல் போட்டார். கேட்டதற்கு, ஆற்றுக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

மறு ஞாயிறு அப்பா மறுபடி பசை டப்பாவோடு வாசலில் உட்கார்ந்தார். மற்ற மூன்றையும் தொடவில்லை. இடது பின் ஜன்னலின் மேல் மூலையை மட்டும் பிரித்து ஒட்டினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பல நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். பெரியப்பா ஏன் சொல்லவில்லை என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.